மூணாம் மலை எது?

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹேவாஹெட்டப் பக்கம். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் தோட்டத்துத் துரை வந்து, யார் சொன்னது என்று கேட்பார்.

கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையில் ஒட்டி ஒட்டி வீடு நிற்கிற எங்கள் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வெடித்தது. ஆள் கால் நுழைகிற வெடிப்பு. அன்றைக்கே எல்லாரையும் கீழே இறக்கித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். ஒன்பது காம்பராச் சனம், காம்பராவுக்கு ஒரு குடும்பம். இரண்டு வகுப்பறையில் மேசையை ஒதுக்கிவிட்டுப் படுத்தோம்.

சோறு வந்தது, பாய் வந்தது. படம் பிடிக்கிறவர்கள் வந்து எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. காம்பராவுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

உயிர்ப் பயம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதைவிட இன்னொரு பயம் உண்டு. காம்பரா நம் பேரில் இல்லை. ஆள் இருக்கிறவரைக்கும்தான் அது வீடு. பூட்டிப் போட்டுவிட்டு வெளியே இருந்தால் கூரைத் தகரத்தைக் கழற்றுவார்கள், சுவரைத் தள்ளுவார்கள், பிறகு இங்கே யாருமே குடியிருக்கவில்லை என்பார்கள். நான் அப்படி ஒரு லயம் காணாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன். இப்போது அந்த இடத்தில் தேயிலை நிற்கிறது. அங்கே அடுப்பு எரிந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும்.

பெரிய டீச்சர் ஞானேஸ்வரி நல்ல மனுசி. அவரே வந்து சொன்னார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழம பள்ளிக்கூடம் தொறக்கணும்.”

“தொறங்க டீச்சர். நாங்க மேல போயிடுறோம்.”

“மேல போறதா இல்லையான்னு நீங்களும் நானும் சொல்ல முடியாதே.”

யார் சொல்வது? கிராம சேவகர் சொன்னார், மலை நின்றுவிட்டது என்று தெரிந்தால் லயத்துக்குப் போகலாம், இன்னும் நகர்கிறது என்றால் கீழ்ப்பிரிவில் மூடிக் கிடக்கிற பழைய ஸ்டோருக்குப் போக வேண்டும் என்று. ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற ஃபெக்டரி. மிஷின் எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வெறும் கொட்டகை. அதற்குள் போனால் எத்தனை வருசம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

மலை நகர்கிறதா இல்லையா என்று பார்க்க ஆட்கள் வருவார்கள் என்றார். வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இவர்களா மலையைப் பார்ப்பது என்று நினைத்தேன்.

பையன் பேர் நபீல். தெல்தோட்டைப் பிள்ளை. பறக்கிற கெமரா வைத்திருந்தான். மழை விட்ட கையோடு ஒருதரம் வந்து எங்கள் தலைக்கு மேலே அதைப் பறக்கவிட்டவன் அவன்தான். அன்றைக்கு இன்னொருதரம் விட்டான். நாய்கள் எல்லாம் அதைப் பார்த்துக் குரைத்து அலுத்துப் போயின.

பெண் பேர் லதுஷா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பேராதனையில் பெரிய படிப்புப் படிக்கிறதாம். என் மருமகள் நிஷாந்தி அதற்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் பின்னாலேயே போனேன். எனக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் பரீட்சைக்குப் பழகுகிற கம்பியூட்டர்தான்.

“இதிலயா மலையப் பாக்கப் போற?”

“ஓம் ஐயா.”

“பேராதனையில இதவிடப் பெரிசு இல்லையா?”

“இருக்கு. ஆனால் மாவட்டத்தில இடிஞ்ச மலை எல்லாம் அதுக்கு முன்னால வரிசையில நிக்குது. உங்கட முறை வர அடுத்த கிழமை ஆகும்.”

வரிசை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கே போனாலும் நமக்கு அடுத்த கிழமைதான்.

அந்தப் பிள்ளை செய்கிற வேலையைக் கேட்டேன். சொன்னது. நபீல் மேலே இருந்து எடுத்த படங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஒரே செடியை ஒரு படம் இந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறது, இன்னொரு படம் அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறது. ஒன்றோடொன்றை ஒப்பிட்டால் அந்தச் செடி எந்த உயரத்தில் நிற்கிறது என்று கணக்குத் தெரியும். அப்படி ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் கணக்குப் பார்த்து, மலையை மிஷினுக்குள் எழுப்ப வேண்டும். முதல் தரம் எடுத்த படத்தில் ஒரு மலை, இரண்டாம் தரம் எடுத்த படத்தில் ஒரு மலை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் நகர்ந்த இடம் சிவப்பாகக் காட்டும், நகராத இடம் நீலமாகக் காட்டும்.

“சரி, வச்சுப் பாரு.”

“இப்பிடியே விட்டால் செவ்வாய்க்கிழமைதான் முடியும் ஐயா.”

“திங்கக்கிழம பள்ளிக்கூடம்.”

“தெரியும். அதுதான் கெதியாக்கப் பாக்கிறன். இந்த மிஷினுக்குள்ள எட்டுத் தலை இருக்கு. கோர் எண்டு சொல்லுவம். பழைய புரோகிராம் ஒரு தலையைத்தான் வேலை வாங்குது. மற்ற ஏழும் சும்மா இருக்கு.”

“எங்க தோட்டத்துக் கங்காணிமாரு மாதிரி.”

நிஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. “அதுகளை எழுப்ப வேணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளை புதுப் புரோகிராம் எழுதியது. வெள்ளிக்கிழமை காலையில் போனேன். முகம் நன்றாக இல்லை.

“எழும்பிச்சா?”

“எட்டும் எழும்பினது ஐயா. ஆனால் வேலை ஓடேல்லை. எல்லாம் ஒரே இடத்தில கொண்டுபோய் எழுதப் பாக்குதுகள். ஒண்டு எழுதி முடியும்வரைக்கும் மற்றது காத்து நிக்குது.”

இது எனக்கு விளங்கியது. மலை முழுக்க ஆள் நின்று கொழுந்து எடுத்தாலும், நிறுக்கிற தராசு ஒன்றுதான் என்றால் பொம்பளைகள் வரிசையில் நின்று காய வேண்டியதுதான். விளங்கியது என்பதற்காக நம்பிக்கை வந்துவிடவில்லை.

அந்தப் பிள்ளை வேறு மாதிரி செய்தது. மலையைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு தலைக்கு ஒரு சதுரம் என்று கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பை. யாரும் யாருடைய பையிலும் கை வைக்கக்கூடாது. வேலை முடிந்தவன் சும்மா நிற்காமல் அடுத்த சதுரத்தை எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக ஒரு தரம் கொட்டிச் சேர்க்க வேண்டும். சதுரத்தின் ஓரம் ஒன்றோடொன்று பொருந்த, வெட்டும்போதே கொஞ்சம் கூட்டி வெட்ட வேண்டுமாம். தையல்காரன் துணி விடுகிற மாதிரி. மிஷின் சூடாகிறது என்று அதன் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, பெரிய டீச்சரின் மேசைக் காற்றாடியை அதற்குப் பிடித்து வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் வேர்த்துக்கொண்டு கிடக்க, கம்பியூட்டருக்குக் காற்றாடி.

மத்தியானம் அந்தப் பிள்ளையே என்னைத் தேடி வந்தது.

“ஐயா, இப்ப நல்லா ஓடுது. இன்னும் கெதியாக்கலாம். தேவையில்லாத இடத்தை வெட்டி எறிஞ்சால் இரவைக்கே முடிஞ்சிடும். நீங்கள் வெடிப்புக் கண்டது எந்த மலையில?”

“மூணாம் மலையில.”

“உங்கட லயத்தில இருந்து பாத்தால் மூண்டாவது?”

“ஆமா. மொதல் மலை, ரெண்டாம் மலை, அதுக்கு மேல மூணாம் மலை.”

“அங்க வீடு ஏதும் இருக்கோ?”

“மலையில எவன் வீடு கட்டுவான்?”

“அங்க இருந்து தண்ணி உங்கட பக்கம்தான் வருமோ?”

“வேற எங்க போகும்? மேல பேயிற தண்ணி எல்லாம் எங்க கொல்லைக்குத்தான்.”

“சரி ஐயா. அது போதும்” என்று போனது. நானும் கேட்டதுக்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம். கூடச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நம்மையே மடக்குவார்கள்.

சனிக்கிழமை காலையில் நபீல் ஓடி வந்தான். “நீலம்! நீலம்! மல அசையவே இல்ல!”

வகுப்பறை இரண்டும் எழும்பி நின்றது. பொம்பளைகள் அழுதார்கள். கிராம சேவகருக்கு ஆள் போனது. தோட்டத்து ட்ரெக்டரை யாரோ கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிஷாந்தி சட்டிபானையைச் சாக்கில் கட்டி முதல் ஆளாக ஏற்றினாள்.

எனக்கும் சந்தோசம்தான். ஆனால் கெட்ட சேதி சொல்கிறவனை நான் ஒருதரம் பார்ப்பேன், நல்ல சேதி சொல்கிறவனை இரண்டு தரம் பார்ப்பேன். கம்பியூட்டர் அறைக்குப் போனேன்.

“எங்க, காட்டு.”

லதுஷா காட்டியது. மலை மெய்யாகவே கம்பியூட்டர்க் கண்ணாடிக்குள் நின்றது. மவுஸை நகர்த்தினால் திரும்பியது. பின்பக்கமும் தெரிந்தது. படம் மாதிரி இல்லை, கையில் எடுக்கலாம் போல இருந்தது. முழுக்க நீலம் பூசியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

“எங்க கூரை எங்க?”

“அதை வெட்டிட்டன் ஐயா. கெதியா முடிக்கத்தான்.”

“சரி, நாங்க தண்ணி புடிக்கிற பீலிக்கரை எங்க?”

“அதுவும் வெட்டினதுக்குள்ள போயிருக்கும்.”

“இது என்னா, ஊசி ஊசியா நிக்குது?”

“பைனஸ் மரம்.”

“மூணாம் மலையில ஏதும்மா பைனஸ்?”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அது எழும்பி யன்னலுக்குப் போய் வெளியே கையைக் காட்டியது. தூரத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மூன்று மலை நின்றது. கடைசியில் நீலமாகத் தெரிந்தது பைனஸ் காடு.

“அந்தா. ஒண்டு, ரெண்டு, மூண்டு. அது மூண்டாவது மலைதானே?”

“அது பாரஸ்டு!”

“மலைதானே ஐயா?”

“தேயிலை இல்லாதது எப்பிடி மலையாகும்? மலைன்னா நாங்க கொழுந்தெடுக்கிற எடம். நம்பர் போட்டு வச்சிருக்கு. மொதல் மலை லயத்துக்கு மேல. ரெண்டாம் மலை அதுக்கு மேல. மூணாம் மலை அதுக்கும் மேல. எல்லாம் இந்த ஒத்தச் சரிவுதான்!”

“ஒரு மலையில மூண்டு மலையோ?”

“பன்னெண்டு மலை இருக்கு.”

“மலையெண்டால் மலைதானே! நான் எங்க போய்த் தேடுறது?”

“இவ்வளவு படிச்சிட்டு மலைன்னா என்னான்னு தெரியல!”

“நீங்கள் ஒரு சொல்லுக் கூடச் சொல்லியிருக்கலாமே!”

நபீல் வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “ரெண்டு பேரும் தமிழ்தானே பேசின? நான் வேணுமெண்டா நடுவுல நிண்டு சிங்களத்துல சொல்லட்டா?”

யாரும் சிரிக்கவில்லை. லதுஷா கதிரையில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பைனஸ் காடு நீலமாக இருந்ததை வைத்துக்கொண்டு ஒன்பது குடும்பம் லயத்துக்குப் போகச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அழப் போகிறது என்று நினைத்தேன். அழவில்லை. மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு கேட்டது.

“ஐயா, உங்கட மூணாம் மலைக்கு எல்லை எது? விரல் வைச்சுக் காட்டுங்கோ.”

நபீல் எடுத்த படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். மேலே றோட்டு, கீழே மழைத்தண்ணி ஓடுகிற கான், இந்தப் பக்கம் கல்லு. இந்தத் தரம் கேட்காததையும் சொன்னேன். கானுக்குக் கீழே போன வருசம் செடி பிடுங்கியது, மண்ணைப் பிடிக்கப் புல்லு வைக்காமல் விட்டது, எல்லாம்.

“எப்ப முடியும்?”

“சரியான இடத்தை மட்டும் குடுத்தால் பின்நேரம் முடியும். முதல் இருந்த மாதிரி ஒரு தலையோட எண்டால் நினைச்சும் பாக்கேலாது.”

வெளியே வந்தேன். ட்ரெக்டரில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. நிஷாந்தி மேலே நின்றாள்.

“மாமா, உங்க பொட்டியக் குடுங்க.”

“நில்லு. பின்நேரம் வரைக்கும் யாரும் போக வேணாம்.”

“என்னா மாமா, நீலம்னு சொன்னாங்களே?”

“அது வேற மல.”

“எது வேற மல?”

சொன்னேன். எல்லாருக்கும் கோபம் வந்தது. சிலருக்கு என் மேல், சிலருக்கு அந்தப் பிள்ளை மேல். ஒருவன் சொன்னான், நீலம் வந்தது வந்ததுதான், கிராம சேவகரிடம் அதையே சொல்லிவிட்டுப் போவோம், இனிப் பார்த்தால் சிவப்பு வந்து தொலைக்கும் என்று. அவன் சொன்னது எனக்கும் வாய்க்குள் வந்து நின்ற பேச்சுதான். இத்தனை நாளாகப் போவோம் போவோம் என்று நின்றவன் நான். கேட்டது கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்தால் ராத்திரி என் காம்பராவில் படுக்கலாம்.

நிஷாந்திக்கு ஐந்தாவது மாசம். சாக்கைப் பிடித்துக்கொண்டு ட்ரெக்டர் மேலே அப்படியே நின்றாள். நான் அவளைத்தான் பார்த்தேன்.

“எறங்கும்மா. அந்த மிஷின் சொல்லட்டும்.”

“நீங்களா மாமா மிஷின நம்புறீங்க?”

“நம்பல. எறங்கு.”

பின்நேரம் வரைக்கும் கம்பியூட்டர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. காற்றாடி சுற்றியது. மிஷின் இரைந்தது. கண்ணாடியில் எட்டுக் கோடு ஓடியது, எட்டுத் தலையும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற கோடு. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. சும்மா இருக்கிற கங்காணி ஒருத்தனையும் காணவில்லை. சதுரம் சதுரமாக வந்து விழுந்தது. முதலில் கல்லு வந்தது. பிறகு றோட்டு. பிறகு தேயிலை, நிரை நிரையாக. நான் கவ்வாத்து வெட்டின செடி. எனக்கு அதைத் தெரியும்.

பிறகு நிறம் வந்தது. மேலே நீலம். இரண்டு ஓரமும் நீலம். கானுக்கு மேலே, மூணாம் மலையின் அடியில், பிறை மாதிரி ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பின் கீழ் விளிம்பு வெளியே பிதுங்கி நின்றது.

“எவ்வளவு?”

லதுஷா கையை விரித்துக் காட்டியது. ஒரு சாணுக்கு மேலே. “மழை விட்ட பிறகு ஐயா. இது மழைக்குள்ள அசைஞ்சது இல்லை. மழை விட்டும் அசையுது.”

அந்தப் பிறைக்கு நேர் கீழே கறுப்பாக வெறுமையாக இருந்தது. வெட்டி எறிந்த இடம்.

“அங்கதான் எங்க லயம்.”

“ஓம் ஐயா. இந்தத் தரமும் நேரம் மிச்சம் பிடிக்க வெட்டினனான். மலை அசையுதோ எண்டு பாக்க வீடு தேவையில்லைத்தானே.”

“இத யாருக்குக் குடுப்ப?”

“கிராம சேவகருக்கு, மாவட்டக் கந்தோருக்கு, தோட்டத்துக்கும் ஒண்டு.”

“தோட்டத்துக்குக் குடுக்கிறதில எங்க லயம் இருக்காது.”

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். நாங்கள் ஸ்டோருக்குப் போய்விட்டால் மேலே ஆள் இல்லை. ஆள் இல்லாத லயம் ஒரு மாசத்தில் சுவராகும், ஒரு வருசத்தில் தேயிலையாகும். அதற்குப் பிறகு நாங்கள் வீடு கேட்டுப் போனால், எந்த வீடு என்று கேட்பார்கள். அரசாங்கத்துக்குப் போகிற படத்திலும் அந்த இடம் கறுப்பாகத்தான் இருக்கிறது.

“கூரையையும் வை.”

“தகரம் மினுங்கும் ஐயா. மினுங்கிற சாமான் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. ஒரு படத்தில வெள்ளையாத் தெரியும், மற்றதில கறுப்பாத் தெரியும். தலை எட்டும் அதிலயே நிண்டு குழம்பும். நேரம் கூடப் போகும்.”

“கூடப் போகட்டும். இனி எனக்கு என்னா அவசரம்?”

அந்தப் பிள்ளை திரும்பி, வெட்டின இடத்தைச் சேர்த்து, மறுபடியும் ஓடவிட்டது. கிராம சேவகர் வாசலில் வந்து நின்று முடிந்ததா என்று கேட்டார். “இல்லை சேர், இன்னும் ஒரு துண்டு இருக்கு” என்றது லதுஷா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கொல்லைதான் முதலில் வந்தது. போஞ்சிக் கம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பிறகு படிக்கட்டு, பிறகு பீலிக்கரை, பிறகு முன் சுவர். கூரைக்கு நிறைய நேரம் எடுத்தது. வந்தபோது நன்றாக வரவில்லை. சப்பின டின் மாதிரி மேடும் பள்ளமுமாக வந்தது, நடுவில் பெரிய ஓட்டை.

“என் கூரையில அங்க ஓட்டை இல்ல.”

“மிஷினுக்கு அந்த இடம் தெரியேல்லை ஐயா. தெரியாத இடத்தில நான் பொய்யா ஒண்டும் ஒட்டேலாது.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. “ஓட்டையோட இருக்கட்டும்” என்றேன். ஒன்பது காம்பராவும் வரிசையாக நிற்கிறதா என்று ஒருதரம் எண்ணினேன். நின்றது. அதற்கு மேலே சிவப்பும் நின்றது.

“மூணு பேருக்கும் இதத்தான் குடுக்கணும். எங்களுக்கும் ஒண்ணு வேணும்.”

“பென்ட்ரைவில போட்டுத் தாறன் ஐயா. ஆரிட்டைக் குடுக்க?”

“என் கையில குடு.”

நிஷாந்தி வந்து கதவில் நின்றாள். கண்ணாடியில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

“மாமா, ட்ரெக்டர்காரன் கத்துறான். சாமான எறக்கவான்னு கேக்குறான்.”

“எறக்க வேணாம்னு சொல்லு. மத்ததையும் ஏத்திக்கிட்டு ஸ்டோருக்கு விடச் சொல்லு.”

அவள் போகவில்லை. என் காம்பராவைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். லதுஷா திருப்பிக் காட்டியது. பின் சுவரில் அவள் காயப்போட்ட சேலை ஒன்று கொடியிலேயே கிடந்தது.

“ஐயோ, என் சேல” என்றாள்.

“அத விடு. போ, ட்ரெக்டர்காரன் போயிடுவான்” என்றேன்.